கசிவது சீலா, அடைத்த மூச்சா? பழைய ஜீப்பின் எண்ணெய் ஒழுக்கும் கியர் எண்ணெய்த் தேர்வும்

"பழைய ஜீப் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லாத ஆள் இராமநாதபுரம் கடற்கரையில் இல்லை. மண்டபத்தில் மீன் பெட்டி ஏற்றும் ஜீப், தொண்டிப் பக்கம் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும் ஜீப், சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலங் கரிமூட்டை சுமக்கும் ஜீப், 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன் தனுஷ்கோடியின் ஈர மணலில் ஆட்களை ஏற்றிச் சென்று இன்று ஓய்வாக நிற்கும் வண்டி என எதை எடுத்தாலும் அதன் அடியில் மணலில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். அதற்கு இங்கே சொல்லப்படும் வைத்தியங்கள் மூன்று: ஆயில் சீலை (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மாற்று, கெட்டி எண்ணெய் ஊற்று, இல்லையென்றால் ஒழுகட்டும் என்று விட்டுவிடு. இந்த மூன்றுமே பெரும்பாலும் காரணத்தைப் பார்க்காமல் செய்யப்படுபவை.

ஒழுகும் எண்ணெயின் விலையை எல்லாரும் கணக்கிடுகிறார்கள். ஆனால் எண்ணெய் வெளியே வரும் வழி கடல்நீர் உள்ளே போகும் வழியும்தான் என்பதைக் கடலோரத்தில் வண்டி ஓட்டுபவர்களே மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் ஓரிடத்தில் மட்டும் இல்லை

"ஆயில் மாற்றியாயிற்று" என்று ஒருவர் சொன்னால் அவர் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலைத்தான் சொல்கிறார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் பழைய ஜீப்பில் எண்ணெய் குறைந்தது ஐந்து தனித்தனி அறைகளில் இருக்கிறது. இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் இன்னொன்று. கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியிருப்பது டிரான்ஸ்பர் கேஸ்; கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. அடுத்து முன் ஆக்சில், பின் ஆக்சில் என்ற இரண்டு. நீளவாக்கில் சுழன்று வரும் தண்டின் விசையைக் குறுக்காகத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பற்சக்கர இணை இந்த இரண்டுக்குள்ளும் உண்டு. அதைக் கிரவுன்-பினியன் என்கிறோம்.

இவை ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் வீடுகள் போன்றவை. சில வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர் உண்டு. சுவர் ஓதம் காத்தால் ஒரு வீட்டு நீர் மறு வீட்டில் தெரியும். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் விழாமலேயே ஒன்றில் எண்ணெய் குறைந்து மற்றதில் ஏறிவிடும். ஏறிய பக்கம் அளவு மிஞ்சிப்போய் அங்கிருந்து ஒழுகத் தொடங்கும்போது எல்லாரும் ஒழுகும் பக்கத்தையே பார்க்கிறோம். உலர்ந்துகொண்டிருக்கும் கியர்பாக்ஸை யாரும் பார்ப்பதில்லை.

ஆயில் சீல் என்பது அடைப்பான் அல்ல

விசைப்படகில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில், திரித்த கயிறு போன்ற பேக்கிங்கைச் சுற்றி நெட்டை (நட்டை) இறுக்கியிருப்பார்கள். அதை ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினால் தண்டு சூடேறிப் பேக்கிங் கருகிவிடும். அவ்வப்போது ஒரு சொட்டு விழும் அளவில்தான் விடவேண்டும். சுழலும் ஒன்றைச் சுற்றி முழுமையாக அடைக்க முடியாது என்பதைப் படகு மெக்கானிக் கையாலேயே அறிந்திருக்கிறார்.

ஜீப்பில் இருக்கும் ஆயில் சீலும் அந்த இனமே. இரும்பு வளையத்துக்குள் ரப்பர் உதடு ஒன்று இருக்கும். அந்த உதட்டைத் தண்டின்மேல் மென்மையாக அணைத்துப் பிடிக்க முடியைப் போன்ற மெல்லிய சுருள்கம்பி ஒன்று சுற்றியிருக்கும். உதடு நேரடியாக இரும்பைத் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டு, அதே படலத்தை உள்ளே தள்ளியும் கொடுக்கிறது. சீலின் வெளிவிளிம்பில் இலேசான ஈரம் தெரிவது நோயல்ல. ஈரம் திரண்டு சொட்டாகி விழுந்தால்தான் கவனிக்கவேண்டும்.

அந்தச் சொட்டையும் அற்பம் என்று விடமுடியாது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 சொட்டு என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 50 முதல் 70 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போய்விடும். சிறிய கியர்பாக்ஸ் ஒன்றின் மொத்த எண்ணெயே அதை ஒட்டித்தான் இருக்கும்.

ஆக, சீல் ஒரு மூடி அல்ல. அழுத்தமில்லாத இடத்தில், வழுவழுப்பான, ஆட்டமில்லாத தண்டின்மேல் மட்டுமே வேலை செய்யக்கூடிய ஓர் உதடு. இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் புதுச் சீலும் ஒழுகும்.

குக்கரின் வெயிட்டும் ஆக்சிலின் மூச்சும்

சமையலறையில் குக்கரின் வெயிட் துளை பருப்பு நுரையால் அடைத்துக்கொண்டால் ஆவி கேஸ்கட் ஓரமாகச் சீறும். அப்போது கேஸ்கட்டை மாற்றிப் பயனில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், துளையைத்தான் குத்திவிடுவார்கள். ஜீப்பின் ஆக்சிலிலும் அப்படியொரு துளை உண்டு. ஆக்சில் குழாயின் மேல்பக்கம் சிறிய தொப்பி போன்றோ, ஓர் இரப்பர் குழாய் செருகியோ இருக்கும் அதன் பெயர் பிரீதர். உள்ளே சூடாகி விரியும் காற்று வெளியேறவும், குளிர்ந்து சுருங்கும்போது காற்று உள்ளே வரவும் உள்ள வழி அதுதான்.

அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். மூடிய பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சீலின் உதடு அழுத்தமே இல்லாத இடத்துக்காகச் செய்யப்பட்டது. அந்த அழுத்தம் உதட்டைத் தூக்கி எண்ணெயைத் தள்ளிவிடும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் ஜீப்பின் பின் ஆக்சிலில் பினியன் சீலை, அதாவது நீளத் தண்டு ஆக்சிலுக்குள் நுழையும் இடத்துச் சீலை, எட்டு மாதத்தில் மூன்று முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் காய்ந்திருக்கும், பிறகு பழைய கதைதான். பட்டறைக்காரர் சீலின் தரத்தைக் குறை சொன்னார். நான் பட்டறைக்காரரைக் குறை சொன்னேன். கடைசியில் பாம்பனில் படகு இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "சீலை விடுங்க தம்பி, அது மூச்சு விடுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பிரீதர் தொப்பியைக் கழற்றியபோது துளைக்குள் காய்ந்த செம்மண் இருந்தது. குளவி ஒன்று அதற்குள் கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தபின் போட்ட நான்காவது சீல் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

குளவி மட்டுமல்ல; உப்புக்காற்றில் தொப்பியின் உள்சுருள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் பிரீதர் உண்டு. இன்ஜினுக்கும் உண்டு, தேய்ந்த பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்கினால் இன்ஜினுக்குள்ளும் அழுத்தம் ஏறி எல்லாச் சீல்களும் ஒன்றாக ஒழுகும். ஒரே சமயத்தில் பல இடங்களில் எண்ணெய் அடிக்கத் தொடங்கினால் அத்தனை சீலும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு; அழுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

கடல்நீர் நுழையும் வழி

பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய ஜீப்பை, வள்ளத்தை இழுப்பதற்காகப் பின்சக்கரம் முழுக அலைக்குள் பின்னோக்கி இறக்குகிறோம். சூடான ஆக்சில் சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கிறது. பிரீதர் நீருக்கு மேலே இருந்தால் காற்று வரும். நீருக்குள் மூழ்கியிருந்தால் நீர் வரும். அடைத்திருந்தால் சீலின் உதட்டைத் தாண்டி நீர் வரும். சற்றுமுன் எண்ணெயை வெளியே விட்ட தேய்ந்த உதடு இப்போது கடலை உள்ளே விடுகிறது.

நீர் கலந்த கியர் எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் நிறமாகிவிடும். எண்ணெய்ப் படலம் அறுந்து, பேரிங் உருளைகளில் உப்பு துருப்புள்ளிகளைப் போட்டுவிடும். புள்ளி விழுந்த பேரிங் ஆடத் தொடங்கும். ஆடும் தண்டு சீலைத் தின்னும். அலைக்குள் இறங்கிய வண்டியின் ஆக்சில் எண்ணெயை அடுத்த நாளே சிறிது திறந்து பார்ப்பது நல்லது. பால்நிறம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. உடனே வடித்துவிட்டு, மலிவான புதிய கியர் எண்ணெயை ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்தபிறகு சரியான எண்ணெயை நிரப்பவேண்டும். டீசலை ஊற்றிக் கழுவுவது நம்மூர் வழக்கம். மூலைகளில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

முன் ஆக்சிலில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய மாதிரி ஜீப்புகள் பலவற்றில் முன்சக்கரம் திரும்பும் மூட்டு ஒரு பெரிய இரும்புப் பந்தின்மேல் மூடியிருக்கும். இதை நக்கிள் என்பார்கள். பந்தின் பளபளப்பான மேற்பரப்பை ஒரு சீல் துடைத்தபடி நகரும். உப்புத் தூவலில் அந்தப் பந்து துருப்பிடித்து அம்மை வடு போலக் குழி விழுந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும், மணலும் உள்ளே போகும். பந்தைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி வைப்பதே இதற்குக் காவல். குழி ஆழமாகிவிட்டால் பந்தை மாற்றவோ, குழியை நிரப்பித் தேய்த்து மெருகேற்றவோ வேண்டும்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்கவேண்டியது: முதலில் பிரீதர், பிறகு தண்டின் மேற்பரப்பும் ஆட்டமும், அதற்கும் பிறகுதான் சீல்.

எது, எங்கிருந்து ஒழுகுகிறது

எண்ணெய் விழும் இடமும் அது கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இன்ஜின் முன்பக்கம் கசிந்தது டிரான்ஸ்பர் கேஸின் அடியில் சொட்டும். இரவில் வண்டியின் கீழ் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்து, காலையில் சொட்டை விரலில் தொட்டுப் பார்க்கலாம். டீசல் இன்ஜின் ஆயில் மை போலக் கறுப்பாக இருக்கும். கியர் எண்ணெய் தடிப்பாகவும், அழுகிய பூண்டை நினைவூட்டும் கந்தக நாற்றத்தோடும் இருக்கும்; ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக் ஆயில் மெல்லியதாக, பெயின்டை உரிக்கும் தன்மையோடு இருக்கும். அது சக்கரத்தின் உட்பக்கம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்க நான் நம்புவது முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரை. சந்தேகமான பகுதியை டீசலும் தூரிகையும் கொண்டு கழுவி, சோப்புநீரால் அலசி, நன்றாகக் காய்ந்தபின் பவுடரைத் தூவிவிட்டு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தால், வெள்ளைப் பரப்பில் ஈரக்கோடு ஒன்று கீழிருந்து மேலே தொடர்ந்து சென்று ஓர் இடத்தில் முடியும். அந்த உச்சிதான் கசியும் இடம். பலமுறை அது சீலாக இருப்பதில்லை; தளர்ந்த போல்ட், நசுங்கிய வடிப்பு நெட்டின் வாஷர், மூடியின் கேஸ்கட் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

எல்லாக் கசிவுகளிலும் அவசரமானது சக்கரப் பக்கம் வருவது. ஆக்சில் எண்ணெய் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வழியாகப் பிரேக் டிரம்முக்குள் போனால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. வண்டி ஒருபக்கம் இழுக்கும். எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திச் சரிசெய்யும் பழக்கம் உண்டு. சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும், மாற்றுவதே வழி.

சீலை மாற்றும்போது

பழைய சீல் உரசிய இடத்தில் தண்டை நகத்தால் வருடிப் பார்க்கவேண்டும். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் புதுச் சீலை அதே ஆழத்தில் இறக்கக்கூடாது. இடமிருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ உட்காரவைத்தால் உதடு தேயாத பரப்பில் ஓடும். அல்லது பள்ளத்தின்மேல் செருகும் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க, ஆட்டம் தெரிந்தால் கோளாறு பேரிங்கில். சீலுக்குச் செலவிடும் பணம் வீண்.

சுருள்கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கவேண்டும். உதட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவாமல் உலர்ந்த நிலையில் மாட்டினால் முதல் சில நிமிட ஓட்டத்திலேயே ரப்பர் கருகிவிடும். பினியன் நெட்டைக் கழற்றும்முன் அது நிற்கும் இடத்தை உளியால் குறித்துக்கொள்வதும் அவசியம். அந்த நெட் பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிப்பது, கை போன போக்கில் இறுக்கக்கூடியதல்ல. கேஸ்கட் பேஸ்ட்டை வெண்ணெய் போல அப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை: வெளியே பிதுங்கிய அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது பிய்ந்து எண்ணெய் வழியை அடைக்கும்.

டப்பாவின் மேல் உள்ள எண்கள்

கடையில் "நைன்டி ஆயில்", "ஒன் ஃபார்ட்டி" என்று கேட்கிறோம். இந்த எண் எண்ணெயின் தடிமன், அதாவது ஓட மறுக்கும் குணத்தின் அளவு. நல்லெண்ணெய் ஓடும்; விளக்கெண்ணெய் தயங்கும். இங்கே பரவலான ஒரு குழப்பம் உண்டு. கியர் எண்ணெய் 90 என்பது இன்ஜின் ஆயில் 40ஐப் போல இருமடங்குக்கு மேல் தடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி சூட்டில், சென்டிஸ்டோக் என்ற தடிமன் அலகில் அளந்தால், கியர் எண்ணெய் 90 இன்றைய அளவுகோலின்படி 13.5 முதல் 18.5 வரை, இன்ஜின் ஆயில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது கியர் எண்ணெய் 90, இன்ஜின் ஆயில் 40க்கும் 50க்கும் ஏறத்தாழச் சமம். 140 மட்டும் உண்மையிலேயே தடித்தது: 24 முதல் 32.5 வரை.

80டபிள்யூ-90 என்பதில் டபிள்யூவோடு வரும் எண் குளிரில் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்வது. உறைபனி என்ற சொல்லே தேவைப்படாத நம் கடற்கரையில் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒழுகும் பெட்டியில் 90க்குப் பதில் 140 ஊற்றினால் சொட்டு குறையும் என்பது ஓரளவு உண்மை, அதுவும் குளிர்ந்திருக்கும்போது மட்டும். சூடேறினால் அதுவும் இளகும். இதற்கிடையே தடித்த எண்ணெயைக் கலக்கியே பற்சக்கரங்கள் கூடுதல் சூட்டை உண்டாக்கும், காலையில் கியர் விழ மறுக்கும், குறுகிய வழிகளில் உள்ள பேரிங்குக்கு எண்ணெய் தாமதமாகப் போகும். தயாரிப்பாளர் ஆக்சிலுக்கு 140 சொல்லியிருந்தால் தாராளமாக ஊற்றலாம். ஒழுக்குக்கு மருந்தாக ஊற்றக்கூடாது.

அம்மியும் ஓடும் பேருந்தும்: ஜிஎல்-4, ஜிஎல்-5

தடிமன் சரியாக இருந்தால் போதாது. எண்ணெயின் வகையும் பொருந்தவேண்டும். சப்பாத்திக் கட்டை மாவின்மேல் உருள்கிறது. அம்மிக் குழவியோ அழுத்தத்தோடு இழுபடுகிறது. ஆக்சிலின் கிரவுன்-பினியன் பெரும்பாலும் அம்மி வகை: பினியனின் மையக்கோடு கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால் பற்கள் உருளுவதோடு நில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டு வழுக்குகின்றன. இந்த அமைப்பின் பெயர் ஹைபாய்டு. வெறும் எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் அறுந்துபோகும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து பல்லின்மேல் ஒரு காப்புத்தோலை உண்டாக்குகின்றன. டப்பாவில் இபி என்று போட்டிருப்பது இதைத்தான். ஜிஎல்-5 என்ற தரத்தில் இந்தச் சேர்மம் நிறைய. ஜிஎல்-4இல் ஏறத்தாழ அதில் பாதி.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் ஜிஎல்-5 ஊற்றிவிடலாமே என்ற கேள்வி எழும். கியர்பாக்ஸில் வேலை வேறு. ஓடும் பேருந்தில் ஏறுபவர் பேருந்தின் வேகத்துக்குச் சிறிது ஓடிப் பிறகு படியில் கால்வைக்கிறார். கியர் மாறும்போது இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தை அப்படி ஒன்றாக்குவது சிங்க்ரோ வளையம். பழைய கியர்பாக்ஸ்களில் அது பித்தளை. கூம்பு வடிவ இரும்பின்மேல் உரசிப் பிடித்துத்தான் வேகத்தைச் சமப்படுத்துகிறது. ஜிஎல்-5இன் வீரியமான சேர்மம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். அதன் வழுக்கும் படலம் வளையத்தைப் பிடிக்கவும் விடாது. அதன்பின் இரண்டாம் கியர் கரகரவென்று விழும். பித்தளையைக் காக்கும் பொருள் கலந்த ஜிஎல்-5 எண்ணெய்கள் இன்று வருகின்றன என்றாலும், கையேடு ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-4ஐ ஊற்றுவதே என் வழக்கம்.

ஆக ஆக்சில்களுக்கு ஜிஎல்-5, சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்பது பொதுவான பாதை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பொதுவிதி கிடையாது. சிலவற்றில் கியர்பாக்ஸின் எண்ணெயே, சிலவற்றில் வேறு எண்ணெய். சில கியர்பாக்ஸ்கள் இன்ஜின் ஆயிலைக் கேட்பதும் உண்டு. அந்தந்த வண்டியின் கையேடே இறுதிச் சொல்.

ஊற்றும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சிறிது ஓட்டிய சூட்டில், முதலில் நிரப்பும் நெட்டைத் திறக்கவேண்டும். பலர் கீழே உள்ள வடிக்கும் நெட்டை முதலில் கழற்றி எண்ணெயை முழுக்க விட்டுவிட்டு, பிறகு மேல்நெட் உப்பில் இறுகித் திரும்ப மறுக்கும்போது விழிக்கிறார்கள். எண்ணெயில்லாத ஆக்சிலோடு வண்டி அங்கேயே நிற்கும். மேல்நெட் திறந்தபின்னரே கீழ்நெட். வடித்த எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பார்த்து, மாவு போன்ற மெல்லிய இரும்புத் துகள் இருந்தால் இயல்பான தேய்மானம் என்றும், அரிசிக்குருணை அளவில் தகடு தட்டுப்பட்டால் பற்களையோ பேரிங்கையோ திறந்து பார்க்கவேண்டும் என்றும் கொள்ளலாம்.

பிறகு நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றி, தானாக வழியத் தொடங்கும்போது நிறுத்தவேண்டும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று ஜாக்கி போட்டு ஒருபக்கம் தூக்கி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மிஞ்சிய எண்ணெய் நுரைத்துப் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியேறி, இல்லாத ஒழுக்கு ஒன்றை உண்டாக்கும். அலைக்குள் இறங்கும் வண்டியாக இருந்தால், நெட்டை மூடிய கையோடு பிரீதரின் தொப்பியைக் கழற்றிவிட்டு எண்ணெய் தாங்கும் இரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சீட்டின் உயரத்துக்குக் கொண்டுபோய் வாய் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும்படி கட்டிவிடலாம். அந்த வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டிவைத்தால் குளவியும் போகாது.